விறகில் எரியும் கண்ணாடி உலை: வீட்டுக்கே வந்து கட்டிக் கொடுக்கும் சேவை, பதினோரு எரிப்புக்குப் பிறகு

கண்ணாடி ஊதுவதற்கான விறகு உலையை நம் பட்டறைக்கே வந்து பத்து நாளில் கட்டிக் கொடுத்து, கட்டும்போதே நமக்கும் சொல்லிக் கொடுக்கும் ஒரு சேவையைப் போன வருஷம் எடுத்தேன். வந்தவர்கள் ஒரு மாஸ்டரும் உதவிக்கு ஒரு பையனும். கற்றுக்கொண்டவர்கள் நானும் என்னோடு வேலை செய்கிற மூன்று பேரும். இதுவரை அந்த உலையைப் பதினோரு முறை எரித்திருக்கிறேன். அதன் நல்லது கெட்டது மூன்றாவது, நான்காவது எரிப்பில்தான் தெரிய ஆரம்பித்தது என்பதால் இவ்வளவு நாள் பொறுத்து எழுதுகிறேன்.

நான் இருபத்திரண்டு வருஷமாகச் சக்கரத்தில் மண் பிடிக்கிறவள். விறகுச் சூளை எனக்குப் புதிதில்லை. அதனால் கண்ணாடி உலையும் கிட்டத்தட்ட அதுதானே என்ற நினைப்பில் இருந்தேன். இல்லை. சூளை ஒரு தடவை உச்சிக்குப் போய்விட்டு இறங்கினால் வேலை முடிந்தது. கண்ணாடி உலை 1,050, 1,100 டிகிரியில் நாள் முழுக்க நிற்க வேண்டும், அதுவும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு. ஒவ்வொரு முறை குழாயை உள்ளே விட்டுக் கண்ணாடி எடுக்கும்போதும் சூடு வெளியே ஓடுகிறது. ஓடுகிற சூட்டை உடனுக்குடன் திரும்பக் கொடுக்கத் தெரிந்த உலைதான் கண்ணாடி உலை. இந்தச் சேவையில் சுவர் எழுப்பும் பாடம் அருமை. சூட்டை நிறுத்தி வைக்கும் பாடம் பாதிதான். என் மதிப்புரையின் சாரம் இதுவே, மீதியெல்லாம் விவரம்.

முதலில் இடம் பார்த்தார்கள். கொட்டகைக்குள் வைக்கலாம் என்று நான் காட்டிய மூலையை மாஸ்டர் ஒரே பார்வையில் வேண்டாம் என்றார். கொட்டகையிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி, மேலே தகரக் கூரை, நாலு பக்கமும் திறப்பு, அதுதான் சரி என்று சொல்லிவிட்டார். வெனிஸ் நகரமே 1291-ல் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றச் சொன்னது, தீப்பிடிக்கும் பயம் அதற்கு ஒரு பெரிய காரணம் என்று அவர் சொன்னபோது கதையாகக் கேட்டேன். முதல் எரிப்பின் ராத்திரியில் வாயிலிருந்து முழங்கை நீளத்துக்குத் தீநாக்கு வெளியே வந்து நின்றதே, அப்போதுதான் அந்த ஆறு மீட்டரின் அருமை புரிந்தது.

உலையின் அமைப்பு ரோமானியக் காலத்து மாதிரி. வட்டமான அடி, உள்விட்டம் 65 செ.மீ. கீழே விறகறை. அதற்கு மேலே, சுவரோடு ஒட்டிய திண்ணையில் மூசை, அதாவது கண்ணாடியை உருக்கும் பாத்திரம். மேலே கவிழ்த்த சட்டி போலக் கூரை. முன்பக்கம் கண்ணாடி எடுக்கும் வாய், பக்கவாட்டில் விறகு போடும் வாய். புகைபோக்கி கிடையாது, தீயும் புகையும் கண்ணாடி எடுக்கும் வாய் வழியாகவும் பின்பக்க ஆற்றறை (ஊதி முடித்ததை மெல்ல ஆற வைக்கும் அறை) வழியாகவும்தான் போகின்றன. அகழாய்வில் ரோமானிய உலைகள் கிடைக்கும்போது பெரும்பாலும் அடித்தளம்தான் மிஞ்சியிருக்கிறது, கூரை எப்படி இருந்தது என்பது ஊகம். குரோஷியாவில் அசேரியா என்ற இடத்தில் கிடைத்த முதல் நூற்றாண்டுக் களிமண் விளக்கு ஒன்றில் அடுக்கு உலையும் அதன் முன்னால் வேலை செய்கிறவர்களும் புடைப்பாக இருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்குகிற விளக்கில் யாரோ ஒரு குயவர் பதித்து வைத்த உருவம் இத்தனை பேருக்கு வரைபடமாக உதவுகிறது என்பது, நானும் குயத்தி என்பதால், எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. இங்கிலாந்தில் மார்க் டெய்லரும் டேவிட் ஹில்லும் 2005, 2006-ல் இப்படிப்பட்ட உலைகளைக் கட்டி எரித்துப் பார்த்தார்கள். மாஸ்டர் அந்தச் சோதனைகளைப் பற்றி நன்றாகப் படித்திருந்தார், ஒவ்வொரு ஓட்டையையும் எதற்காக அங்கே வைக்கிறோம் என்று காரணம் சொல்லித்தான் வைத்தார்.

மண் குழைத்த இரண்டு நாளுக்காகவே இந்தச் சேவையைத் திரும்ப எடுப்பேன். உட்சுவருக்கு அதிகச் சூடு தாங்கும் தீக்களிமண் ஒரு பங்கு, சுட்ட மண்ணை இடித்த பொடியும் மணலும் சேர்த்து இரண்டு பங்கு. வெளிச்சுவருக்குச் சாதாரண மண்ணும் நறுக்கிய வைக்கோலும். வைக்கோல் எரிந்துபோன பிறகு அந்த இடங்கள் வெற்றிடமாகிச் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். மண்ணில் சுண்ணாம்புக் கல், கிளிஞ்சல் துண்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று சல்லடையில் மூன்று தடவை சலிக்க வைத்தார்கள். காய்ந்த பொடியைக் கலக்கும்போது முகக்கவசம் இல்லாமல் யாரையும் கிட்டே விடவில்லை. சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் அசட்டையாக இருந்த விஷயம் அது. இப்போது என் பட்டறையில் எல்லோரும் போடுகிறோம்.

பானை மண்ணைச் சோதிக்க, பென்சில் பருமனுக்கு உருட்டி விரலில் சுற்றிப் பார்ப்போம். வெடிக்காமல் சுற்றினால் நல்ல மண். உலை மண்ணை அப்படிச் சுற்றினேன், பொலபொலவென்று விட்டுப்போனது.

"மாஸ்டர், இது சட்டி பிடிக்கவே ஆகாதே" என்றேன்.

"சட்டியா பிடிக்கப் போறோம்? சுருங்கக் கூடாதும்மா, அதுதான் கணக்கு" என்றார். ஒரு கை மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டார். சப்பையாகவும் இல்லை, உதிரவும் இல்லை, விழுந்த இடத்தில் உருண்டையாகவே உட்கார்ந்தது. "இதுதான் பதம்." அதற்குப் பிறகு ஒவ்வொரு கலவையையும் நாங்களே போட்டுப் பார்த்துத்தான் சுவரில் வைத்தோம்.

கூரைக்கு ஈர மணலைக் குவித்து, அதன்மேல் நனைத்த செய்தித்தாளை ஒட்டி, அதற்கு மேல் மண்ணைப் பிடி பிடியாக வைத்து அடித்தோம். உட்பூச்சு 10 செ.மீ., வெளிப்பூச்சு அதற்கு மேல் 12 செ.மீ. எப்போது மணலை எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த நிலை வந்தது. விறகு வாய் வழியாகக் கையை விட்டு மணலை வாரி வாரி வெளியே எடுத்தோம். கடைசிக் கை மணல் வந்ததும் உள்ளே விளக்கைக் காட்டிப் பார்த்தால், செய்தித்தாளின் எழுத்துகள் தலைகீழாக ஒட்டியபடி கூரை அப்படியே நிற்கிறது. எங்கள் நாலு பேருக்கும் பேச்சே வரவில்லை.

இனி குறைகள்.

முதல் குறை, அவசரம். பத்து நாளில் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காக எட்டாம் நாளே உள்ளே தீ மூட்டினார்கள். சுவர் 20 செ.மீ.க்கு மேல் தடிமன், நடுவில் ஈரம் அப்படியே இருந்தது. மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டினால் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே உடைக்கும். குயவர் வீட்டுக் குழந்தைக்கும் இது தெரியும். நான் சொன்னேன். "சின்னத் தீதான், பார்த்துக்கலாம்" என்றார். ராத்திரி ஒன்பது மணிக்குப் பட்டாசு போல ஒரு சத்தம். கூரையின் உட்பக்கத்தில் கையகலத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. மறுநாள் அதைச் சரியாகவே ஒட்டிக் கொடுத்தார், மறைக்கவில்லை, தன் தவறு என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் அந்த ஒட்டுதான் இன்றைக்கும் முதலில் விரிசல் விடுகிற இடம். இந்தச் சேவையை எடுப்பவர்களுக்கு நான் சொல்வது: ஏழாம் நாளோடு அவர்களை அனுப்பிவிடுங்கள். மூன்று வாரம் நிழலில் காயட்டும். பிறகு ஒரு வாரம் தினமும் கொஞ்சம் சிராய் போட்டு, வெளிச்சுவரில் கை வைத்தால் ஈரக் குளிர்ச்சி போகும் வரைக்கும் இளஞ்சூடு காட்டுங்கள். அதன்பின் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு முதல் எரிப்பை நடத்தச் சொல்லுங்கள்.

இரண்டாவது குறைதான் பெரியது. முதல் முழு எரிப்பில் 980 டிகிரி வரை உலை நன்றாக ஏறியது. அங்கே நின்றுவிட்டது. ஆறு மணி நேரம். விறகைக் கூட்டினோம், கரும்புகை வந்து சூடு இன்னும் இறங்கியது. குறைத்தோம், அப்போதும் இறங்கியது. மூசையில் போட்ட கண்ணாடி உருகித் தேன்பாகு போல இருந்தது, குமிழ் ஒன்றும் வெளியேறவில்லை. குழாயில் எடுத்தால் கயிறு கயிறாக வந்தது. மாஸ்டர் விறகு ஈரம் என்றார். அதுவும் கொஞ்சம் உண்மை. ஆனால் விறகு வாய் வழியாக எட்டிப் பார்த்தபோது எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. விறகறையில் பாதி உயரத்துக்குக் கங்கு மண்டிக் கிடந்தது. மேலே போடுகிற விறகுக்குக் காற்று கிடைக்கவில்லை, கீழே கிடந்த கங்குக்கும் காற்று போகவில்லை. விறகுச் சூளைக்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான நோய் இது.

அவர்கள் போன பிறகு, இரண்டாவது எரிப்புக்கு முன்னால், விறகறையின் அடிமட்டத்தில் பக்கத்துக்கு ஒன்றாக 6க்கு 10 செ.மீ. அளவில் இரண்டு காற்று ஓட்டை வெட்டினேன். மூட ஓட்டைக்கு ஒரு செங்கல். அந்த முறை 950-ஐத் தொட்டதும் இரண்டு செங்கலையும் இழுத்தோம். கங்கு வெள்ளையாகிச் சீறியது. இரண்டு மணி நேரத்தில் 1,120. என்னோடு வேலை செய்கிற தம்பி, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளின் எண்ணை உரக்கப் படித்துக்கொண்டே இருந்தான், 1,000-ஐத் தாண்டியதும் குரலே மாறிவிட்டது.

விறகைப் பற்றி இவர்களின் பயிற்சியில் அரை மணி நேரப் பேச்சுதான். என்னைக் கேட்டால் ஒரு நாள் வேண்டும். கண்ணாடி உலைக்குப் பெரிய கட்டை ஆகாது. நீளம் 40 செ.மீ., பருமன் இரண்டு விரல், மூன்று விரல். கொழுந்து நீளமாக விட்டு எரிகிற இலகு மரம் நல்லது, வைரம் பாய்ந்த மரம் கங்காகித் தங்கிவிடும். ஒரு வருஷமாவது நிழலில் அடுக்கிக் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், தொப்பென்று கேட்டால் திரும்ப அடுக்கில் வையுங்கள். உச்சியில் நிற்கும்போது இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு துண்டு, அவ்வளவுதான். போட்டதும் வாயில் லேசாகப் புகை, பிறகு தீநாக்கு, பிறகு தீநாக்கு உள்ளே இழுத்துக்கொண்டு உலை தெளிந்து மஞ்சளாகத் தெரியும். அந்தத் தெளிவு வந்ததும் அடுத்த இரண்டு துண்டு. "அக்கா, தெளிஞ்சிருச்சு" என்று சொல்லவே ஒருவர் வேண்டும், ஊதுகிறவருக்கு அதைப் பார்க்க நேரம் இருக்காது. என் உலைக்கு மணிக்கு ஏறக்குறைய 18 கிலோ போகிறது. சூடேற்றுவதையும் சேர்த்து, இரண்டு நாள் ஊதினால் 900 கிலோவுக்குப் பக்கம். இங்கிலாந்தில் 1615-ல் கண்ணாடி உலைகளில் மரம் எரிக்கவே அரசு தடை போட்டது, கப்பல் கட்ட மரம் வேண்டுமென்று. என் விறகடுக்கு குறைகிற வேகத்தைப் பார்க்கிறபோது அந்தத் தடை அதிசயமாகத் தோன்றவில்லை. கத்தரித்த கிளைகளையும் மர அறுவையில் மிஞ்சுகிற பட்டைகளையும் தவிர வேறு எதையும் நான் எரிப்பதில்லை.

கூடவே கொடுத்த பொருள்களில் மூசை மிக நல்லது. சுமார் 10 கிலோ கண்ணாடி பிடிக்கும், பதினோரு எரிப்பிலும் அதே மூசைதான். அதைச் சூடேற்றுவதில் மாஸ்டர் காட்டிய நிதானத்தைச் சுவரிலும் காட்டியிருக்கலாம். மண்ணில் இருக்கிற குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென்று பருக்கும், ஆகவே 550-லிருந்து 600 வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு கடக்க வேண்டும் என்று சொன்னார், அப்படியே செய்கிறோம். உச்சிக்குப் போன பிறகு முதலில் ஒரு கரண்டி உடைகண்ணாடி மட்டும் போட்டு உட்புறத்தில் மெருகு பிடிக்க விட வேண்டும், பிறகுதான் மூன்று தவணையாக நிரப்ப வேண்டும். இந்த வரிசையை ஒரு தடவைகூட நான் மாற்றவில்லை.

தெர்மோகப்பிள் சரியில்லை. கொடுத்தது கே வகை. புகை மண்டுகிற உலையில், அதுவும் இந்தச் சூட்டில், அதன் கம்பி உள்ளுக்குள் அரித்துப்போய்க் குறைவாகக் காட்ட ஆரம்பிக்கும். மூன்றாவது எரிப்பில் கண்ணுக்கு நல்ல மஞ்சள் தெரிகிறது, எண்ணோ 940 என்கிறது. இப்போது பீங்கான் உறை போட்ட எஸ் வகை வைத்திருக்கிறேன். கண்ணாடியும் அப்படித்தான், கண்ணில் மாட்டுகிற கண்ணாடியைச் சொல்கிறேன். வெறும் கறுப்புக் கண்ணாடி தந்தார்கள். வெளிச்சம் குறைவது வேறு, அகச்சிவப்புக் கதிர் தடுப்பது வேறு. உலை வாயை மணிக்கணக்காகப் பார்க்கிறவருக்கு இரண்டாவது கட்டாயம். பயிற்சி கொடுக்கிறவர்கள் இதில் கவனக்குறைவாக இருக்கக் கூடாது, இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

மூன்றாவது குறை ஆற்றறை. ஊதி முடித்த பாத்திரத்தை வெளியே வைத்தால் மேற்பரப்பு முதலில் குளிர்ந்து, உள்ளே இழுவிசை தங்கி, அன்றைக்கோ மறுநாளோ தானாகவே பிளந்துவிடும். சோடா கண்ணாடியை 500 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சிறிது நேரம் நிறுத்தி, அங்கிருந்து மெல்ல இறக்க வேண்டும். எங்கள் ஆற்றறை உலையின் பின்பக்கம், மிஞ்சிய தீயிலேயே சூடாகிற மாதிரி. எண்ணம் நல்லதுதான். தீ வருகிற முனையில் 620, மறுமுனையில் 380. முதல் தடவை ஒன்பது கிண்ணம் வைத்தேன். விடியற்காலையில் திறந்தால் இந்த முனையில் இருந்த இரண்டும் விளிம்பு தொய்ந்து சாய்ந்திருந்தன, அந்த முனையில் இருந்த ஐந்தும் பிளந்து கிடந்தன. நடுவில் இருந்த இரண்டு மட்டும் முழுசு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோஃபிலஸ் என்ற துறவி கண்ணாடித் தொழிலை எழுதி வைத்தபோது, வேலை உலையைச் சொன்ன கையோடு இரண்டாவதாக ஆற்றும் உலைக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினார். இந்தச் சேவையில் அதற்குக் கிடைத்தது கடைசி நாளின் கடைசி இரண்டு மணி நேரம்.

தீ வருகிற வழியில் குறுக்கே செங்கல் ஒன்றை நிறுத்தி, கொழுந்து நேராகப் படாமல் மேலே ஏறிச் சுற்றி வருகிற மாதிரி மாற்றினேன். கதவின் விளிம்பெல்லாம் மண் பூசினேன். இப்போது இரு முனைக்கும் வித்தியாசம் 40 டிகிரிக்குள். எரிப்பு முடிந்ததும் எல்லா ஓட்டையையும் மண்ணால் அடைத்துவிட்டால் பதினான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டு ஆறுகிறது. கடந்த நாலு எரிப்பில் உடைந்தது மொத்தம் மூன்று. தடிமனான பாத்திரம் ஏதாவது செய்தால் மட்டும் பட்டறையின் மின்சூளையில் ஆற்றுகிறேன்.

உடைகண்ணாடி விஷயத்தில் அவர்கள் சொன்னதை நம்பலாம். பாட்டில் துண்டுகளைக் கலந்து போடாதீர்கள் என்றார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு விரியும் சுருங்கும், கலந்தால் உள்ளே வரி வரியாகத் தெரிவதோடு ஆறும்போது சண்டை போடும். பாட்டில் கண்ணாடி இயந்திரத்துக்காகச் செய்தது, சட்டென்று இறுகிவிடும், கையால் உருவம் கொடுக்க அவகாசம் தராது. ஊதுவதற்கென்றே விற்கிற கண்ணாடியை மாஸ்டர் ஒரு மூட்டை கொண்டுவந்தார். முதல் தடவை குழாய் நுனியில் அதைச் சுற்றி எடுத்து, இரும்புப் பலகையில் உருட்டி, மெல்ல ஒரு மூச்சு விட்டபோது உள்ளே மிளகளவு குமிழ் ஒன்று விரிந்ததைப் பார்த்தேன். மண் கையில் இருக்கும், தொட்டுத் திருத்தலாம். இதில் என் மூச்சு மட்டும்தான் உள்ளே போயிருக்கிறது. குழாயைச் சுழற்றுவதை ஒரு நொடி நிறுத்தினாலும் தொங்கிவிடுகிறது. என் தொழிலில் சக்கரம் சுற்றும், கை நிற்கும். இங்கே கைதான் சக்கரம்.

விறகு உலைக் கண்ணாடியில் ஒரு இளம் நீலப்பச்சை சாயல் வருகிறது. கண்ணாடியில் இருக்கிற சிறிதளவு இரும்புதான் காரணம். புகை அதிகமான தீயில் நீலத்துக்குச் சாயும், தெளிந்த தீயில் மஞ்சள் கலந்த பச்சைக்குப் போகும். பறக்கிற சாம்பல் மேலே விழுந்து சில இடங்களில் சின்னப் புள்ளியாகத் தங்குவதும் உண்டு. மூசைக்கும் விறகறைக்கும் நடுவே ஒரு தடுப்புக் கல் வைத்தும், எடுப்பதற்கு முன் மேற்பரப்பை வழித்தும் அதைக் குறைத்திருக்கிறேன். முழுவதும் தெளிந்த கண்ணாடிதான் வேண்டுமென்றால் எரிவாயு உலை வாங்குங்கள், இந்தச் சேவை உங்களுக்கு இல்லை.

இரண்டு மாதம் முன்பு மாஸ்டருக்குப் போன் செய்து காற்று ஓட்டையையும் ஆற்றறைச் செங்கலையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், ஓட்டையின் அளவையும் தரையிலிருந்து உயரத்தையும் எழுதிக்கொண்டார். "அடுத்த உலையை இதோடேயே கட்டுறேம்மா" என்றார். காய வைக்கும் நாள்களைக் கூட்டுவதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. ஆகவே நீங்கள் எடுப்பதாக இருந்தால், ஒப்புக்கொள்வதற்கு முன்பே அந்த மூன்று வாரத்தைப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் வரும் நாளுக்கு ஒரு வருஷம் முன்பே விறகைப் பிளந்து அடுக்க ஆரம்பித்துவிடுங்கள்.

நேற்று உலைக்குள் விளக்கைக் காட்டிப் பார்த்தேன். விறகுச் சாம்பலின் காரம் கூரை மண்ணோடு சேர்ந்து உருகி, உட்பக்கம் முழுக்கப் பச்சை மெருகாகப் படிந்திருக்கிறது. மூசைக்கு நேர் மேலே இரண்டு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கின்றன. விழுந்தால் உள்ளே இருக்கிற கண்ணாடி முழுவதும் கெட்டுவிடும். பன்னிரண்டாவது எரிப்புக்கு முன்னால் அவற்றை உளியால் தட்டி எடுத்துவிட்டு, எட்டாம் நாள் பெயர்ந்த அந்த ஒட்டையும் பிரித்து, இந்த முறை நானே மண் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்து, பூசி, மூன்று வாரம் காயப் போடப் போகிறேன்.